"பந்தைத்தானே முதலில் தொட்டான்" என்றால் ஃபவுல் இல்லையா?

சாரல்_கோத்தகிரி:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பையன்கள் ஆடிய கால்பந்துக் காலிறுதி ஆட்டம் ஐந்து நாளாக என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோப்பை என்று எழுதப்போவதில்லை. நடுவரின் பெயரையும் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். விதி என்ன சொல்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாம் பாதி. காலையிலிருந்து விடாத சாரல். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மைதானம், பாதி புல், பாதி செம்மண். எங்கள் வலது ஓர முன்கள வீரனுக்குப் பதினாறு வயது. பந்தை முன்னால் தள்ளிவிட்டு ஓடுகிறான். எதிரணிப் பின்கள வீரர் பக்கவாட்டிலிருந்து வேகமாக ஓடிவந்து சறுக்கினார். அவருடைய வலது கால் நுனி பந்தில் பட்டது, பந்து கோட்டைத் தாண்டியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சறுக்கல் அங்கே நிற்கவில்லை. பின்னால் வந்த இடது கால், விறைப்பாக நீட்டியபடி, பூட்ஸின் அடிப்பாகம் தெரிய, பையனின் கணுக்காலில் போய் இடித்தது. நடுவர் த்ரோ-இன் கொடுத்தார். ஃபவுல்கூட இல்லை! கோட்டோரம் நின்று நான் கத்தியதற்கு எதிரணியினர் அத்தனை பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "பந்தைத்தானே முதலில் தொட்டான்."

கணுக்கால் எலும்பில் விரிசல். மேட்டுப்பாளையம் இறங்கும் வரை அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தான், ஒரு சொல் பேசவில்லை. கோவையில் கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம்.

பந்தை முதலில் தொட்டுவிட்டால் அதன்பின் என்ன செய்தாலும் ஃபவுல் ஆகாது என்று விதியில் எங்கே எழுதியிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர்_பின்களம்:

அண்ணா, பையனுக்கு அடிபட்டது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பின்களத்தில் பதினான்கு வருடம் ஆடியவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மழையில் சறுக்கினால் உடம்பு நாம் நினைத்த இடத்தில் நிற்காது. பந்தைச் சுத்தமாக எடுத்துவிட்டோம், அதன்பின் எதிராளி நம்மேல் வந்து விழுந்தால் அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? கால்பந்து உடம்போடு உடம்பு உரசும் ஆட்டம். நாடுகாணிக்குக் கீழே இறங்கி மலப்புறம் பக்கம் செவன்ஸ் ஆடப் போகிறோமே, அங்கே ஏழு பேர், சின்ன மைதானம், இடமே இருக்காது. உரசலுக்கெல்லாம் விசில் ஊதினால் ஆட்டமே நடக்காது. எலும்பு முறிந்ததா இல்லையா என்பதை வைத்து ஃபவுலை முடிவு செய்யக் கூடாது. அது துரதிர்ஷ்டம்.

சாரல்_கோத்தகிரி:

எலும்பை வைத்து முடிவு செய்யச் சொல்லவில்லை தம்பி. காலை வைத்து முடிவு செய்யச் சொல்கிறேன். அந்த இடது கால் ஏன் நீட்டியபடி வந்தது? பந்தை எடுக்க வலது கால் போதுமானதாக இருந்ததே.

விசில்_வெலிங்டன்:

ராணுவத்தில் இருந்த காலத்திலேயே நடுவர் தேர்வு எழுதியவன் நான். ஓய்வுபெற்ற பிறகும் இந்த மலையில் நிறைய ஆட்டங்களுக்கு விசில் ஊதியிருக்கிறேன். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த நடுவர் செய்தது சரியா தவறா என்பதற்குள் போகமாட்டேன். விதியைச் சொல்கிறேன்.

ஃபவுல்களைப் பற்றிச் சொல்வது 12-ஆம் விதி. எதிராளியைத் தடுக்கப் போகும் ஒரு வீரர் மூன்று நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருந்தால் அது ஃபவுல். கவனமில்லாமல், முன்னெச்சரிக்கை இல்லாமல் போனால் ஃப்ரீகிக் மட்டும், அட்டை கிடையாது. எதிராளிக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள் அட்டை. தேவைக்கு மீறிய பலத்தோடு போனால், அல்லது எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினால், சிவப்பு அட்டை. இந்த மூன்று விளக்கங்களையும் எத்தனை முறை படித்தாலும் "பந்தை முதலில் தொட்டால் விலக்கு" என்ற வாசகம் வராது. விதி கேட்பது வீரர் எதிராளியிடம் எப்படிப் போனார், எதிராளிக்கு என்ன ஆகியிருக்கக்கூடும் என்பதைத்தான். பந்துக்கு என்ன ஆனது என்பது நடுவர் கவனிக்கும் பல விஷயங்களில் ஒன்று, அவ்வளவே.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வேர் உண்டு. 1997-இல் விதிகள் திருத்தி எழுதப்பட்டபோது, பந்தைத் தொடுவதற்கு முன் எதிராளியைத் தொட்டால் அந்த டேக்கிள் (பந்தைப் பறிக்கும் முயற்சி) ஃபவுல் என்று ஒரு வரி இருந்தது. அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பந்தை முதலில் தொட்டால் எதுவும் ஃபவுல் இல்லை என்று நம் ஊர்களில் ஆக்கிக்கொண்டார்கள். அந்த வரியே பிறகு எடுக்கப்பட்டுவிட்டது. வரி போனாலும் நம்பிக்கை போகவில்லை. கோட்டோரம் நிற்கும் பெரியவர்களிடமிருந்து பையன்களுக்கு அப்படியே இறங்கிக்கொண்டிருக்கிறது.

கூடலூர்த் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடிபட்டதை வைத்து ஃபவுலை முடிவு செய்யக் கூடாது என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. முற்றிலும் சரியான டேக்கிளிலும் எலும்பு முறியலாம். கீறல்கூட இல்லாத டேக்கிளுக்குச் சிவப்பு அட்டையும் காட்டலாம். கால் பட வேண்டும் என்றுகூட அவசியமில்லை. இடறிவிட முயன்றாலே ஃபவுல்தான். எதிராளி துள்ளி விலகித் தப்பித்துக்கொண்டார் என்பதற்காகத் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது.

கூடலூர்_பின்களம்:

விளக்கத்துக்கு நன்றி ஐயா. ஆனால் "பொருட்படுத்தாமல்" என்பதையும் "தேவைக்கு மீறிய பலம்" என்பதையும் நடுவர் எப்படி அளக்கிறார்? தராசு இருக்கிறதா? ஒரே டேக்கிளுக்கு ஒருவர் மஞ்சள் காட்டுகிறார், இன்னொருவர் சிவப்பு காட்டுகிறார். எங்கள் மனசுக்குள் புகுந்து பார்க்கவா முடியும்?

விசில்_வெலிங்டன்:

மனசுக்குள் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே விதியையே மாற்றினார்கள். பழைய விதியில் "வேண்டுமென்றே" என்ற சொல் இருந்தது. நடுவர் வீரரின் நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. 1995-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அதன்பின் "நான் வேண்டுமென்று செய்யவில்லை சார்" என்று வீரர் சொன்னால், "தெரியும் தம்பி, ஆனாலும் ஃபவுல்" என்று நான் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

அளக்கத் தராசு இல்லைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறிகள் இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது வேகம்: எவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்தார்? அடுத்து முழங்கால்: மடங்கியிருக்கிறதா, பூட்டிக்கொண்டு நிற்கிறதா? மடங்கிய கால் இடித்தால் அதுவே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீட்டிப் பூட்டிய கால் உலக்கை மாதிரி, உடம்பின் எடை முழுவதையும் கொண்டுபோய் எதிராளியிடம் இறக்கிவிடும். பூட்ஸின் ஆணிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? பட்டது பாதத்திலா, கணுக்காலிலா, முழங்காலிலா? இரண்டு கால்களும் தரையை விட்டுக் கிளம்பினவா? கிளம்பிவிட்டால் அந்த வீரரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. எதிராளியின் கால் ஊன்றியிருந்ததா, காற்றில் இருந்ததா? ஊன்றிய கால் விலகாது. எலும்பு போவது பெரும்பாலும் அங்கேதான். இவ்வளவையும் ஒரு நொடிக்குள் பார்க்க வேண்டும், அதுவும் ஓடிக்கொண்டே.

கோத்தகிரி நண்பர் எழுதியது அப்படியே நடந்திருந்தால் (நேர் கால், தெரியும் ஆணிகள், கணுக்கால், வேகம்) மஞ்சளுக்குக் கீழே போக எனக்கு மனம் வராது. சிவப்பைத் தீவிரமாக யோசிப்பேன்.

பூம்பாறை_ரசிகன்:

நாங்கள் கோடைக்கானல் மேல்மலைக்காரர்கள். இங்கே சமமான மைதானம் கிடைப்பதே அரிது, ஆகவே ஆடியதைவிட இரவு விழித்துப் பார்த்தது அதிகம். 1982 உலகக் கோப்பை அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். செவில்லே நகரம், மேற்கு ஜெர்மனியும் பிரான்சும். பிரான்சின் பட்டிஸ்டன் தனியாக ஓடிவந்து பந்தை உதைத்துவிட்டார். பந்து போன பிறகு ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் அவர்மேல் பாய்ந்து மோதினார். பட்டிஸ்டன் நினைவிழந்து விழுந்தார், பற்கள் போயின. டச்சு நடுவர் கோர்வர் கொடுத்தது என்ன தெரியுமா? கோல்கிக்! அட்டை இல்லை, ஃபவுல்கூட இல்லை. அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. உலகக் கோப்பையிலேயே அப்படி நடந்திருக்கிறது என்றால், தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் ஒற்றை ஆளாக நிற்கும் நடுவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

அட்டைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1966 உலகக் கோப்பையில் யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு வெளியேற்றம் என்று ஆடுகிறவர்களுக்கே தெளிவாகத் தெரியாத குழப்பம் வந்தது. போக்குவரத்து விளக்கைப் பார்த்துத்தான் ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டனுக்கு மஞ்சள், சிவப்பு யோசனை தோன்றியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. அந்தத் தொடரில் ஒரு சிவப்புகூட இல்லை. உலகக் கோப்பையின் முதல் சிவப்பு 1974-இல், சிலி வீரர் காஸ்ஸெலிக்கு.

விசில்_வெலிங்டன்:

பூம்பாறை நண்பர் நடுவருக்காகப் பேசியதற்கு நன்றி. நானும் ஒன்று சேர்க்கிறேன். 2010 இறுதிப் போட்டியில் ஹாலந்தின் டி யோங், ஸ்பெயினின் ஜாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸோடு உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் காட்டினார். தன் பார்வையை வேறு வீரர் மறைத்துவிட்டதாகவும், அது சிவப்பாக இருந்திருக்க வேண்டும் என்றும் அவரே பிற்பாடு சொன்னார். நாங்கள் பயிற்சியில் ஓடப் பழகுவதே இதற்காகத்தான். பந்துக்குப் பின்னால் நேராக ஓடினால் வீரரின் முதுகுதான் தெரியும். பக்கவாட்டுக் கோணத்துக்குப் போனால்தான் இரண்டு பேரின் கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரியும்.

இந்த மலையில் அது இரட்டிப்புக் கஷ்டம். மூடுபனி இறங்கினால் முப்பது மீட்டருக்கு அப்பால் சட்டை நிறம் மட்டும்தான் தெரியும். லைன்ஸ்மேன் என்று கொடி பிடித்து நிற்பது பெரும்பாலும் போட்டி நடத்தும் ஊரின் பையன். பந்து வெளியே போனதைக் காட்டுவான், ஃபவுலுக்குக் கொடி தூக்கமாட்டான். தூக்கினால் மாலையில் அவன் அந்த ஊருக்குள்தானே போக வேண்டும். பார்க்காததற்கு நடுவர் அட்டை காட்ட முடியாது. காட்டவும் கூடாது.

சாரல்_கோத்தகிரி:

டிவியில் இப்போதெல்லாம் வார் என்று வீடியோ பார்த்துச் சொல்கிறார்களே. எங்கள் பையன் ஒருவன் போனில் எடுத்திருக்கிறான். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கொலை மாதிரி இருக்கிறது.

பூம்பாறை_ரசிகன்:

அண்ணா, மெதுவாக ஓடவிட்டால் எந்த டேக்கிளும் அப்படித்தான் இருக்கும். வார் விதிமுறையிலேயே இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கால் எங்கே பட்டது என்று பார்க்க மட்டும் மெதுவான காட்சி. எவ்வளவு பலத்தோடு பட்டது என்பதை இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும். நீங்களும் அப்படி ஒரு முறை பாருங்கள்.

சாரல்_கோத்தகிரி:

பார்த்தேன். நேற்று இரவு பத்து முறையாவது பார்த்திருப்பேன். இயல்பான வேகத்தில் கொலை மாதிரி இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் நிற்க முடியாத வேகத்தில் வருகிறார் என்பது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

பந்தலூர்_உடற்கல்வி:

பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். நம் பயிற்சியாளர்களிடம் எனக்குள்ள கோபத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கிறோம், பாஸ் சொல்லிக்கொடுக்கிறோம். எப்படிச் சறுக்குவது என்று எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்? பிள்ளைகள் டிவியைப் பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள், அதுவும் ஐரோப்பாவின் பஞ்சு மாதிரியான புல்லைப் பார்த்து. இங்கே பந்தலூர், தேவாலா மழையில் தரை சோப்புப் போட்ட மாதிரி இருக்கும். அங்கே ஒரு மீட்டர் சறுக்குகிறவர் இங்கே மூன்று மீட்டர் போவார். ஆகவே அங்கே கிளம்பும் தூரத்திலிருந்து இங்கே கிளம்பவே கூடாது.

என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. எதிராளி பந்தைத் தள்ளிவிட்டு, பந்து அவள் காலை விட்டு விலகியிருக்கும் நொடியில்தான் சறுக்க வேண்டும். எந்தக் கால் பந்துக்குப் போகிறதோ அது தரையை ஒட்டித் தாழ்வாகப் போக வேண்டும், விரல்கள் தாழ்ந்திருக்க வேண்டும். மற்றக் காலை முழங்காலில் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மடித்த கால்தான் பிரேக். அது நீண்டுவிட்டால் பிரேக் இல்லாத லாரி மாதிரிதான். கோத்தகிரி அண்ணா எழுதிய அந்த இடது காலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தப் பின்கள வீரருக்கு யாரும் மடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எண்4_பழைய_சட்டை:

இரண்டு நாளாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தப் பின்கள வீரன் நான்தான்.

பந்துக்குத்தான் போனேன். அவனை அடிக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவன் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. விசில் ஊதாததால் எங்கள் ஆட்கள் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். "சுத்தமான டேக்கிள்" என்றார்கள். நானும் அதை நம்பினேன். ஆனால் மறுநாள் அவனுக்கு விரிசல் என்று கேள்விப்பட்டதிலிருந்து நம்ப முடியவில்லை. எனக்கு இருபது வயது. இடது காலை மடிக்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது உண்மை. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல வரவில்லை. கோத்தகிரி ஐயா, என்னை மன்னித்துவிடுங்கள்.

கூடலூர்_பின்களம்:

தம்பி, வந்து சொன்னதற்கே தைரியம் வேண்டும். நானும் அப்படிச் சறுக்கியிருக்கிறேன், பலமுறை. யாருக்கும் ஒன்றும் ஆகாததால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இருந்தாலும் வெலிங்டன் ஐயாவிடம் ஒரு விஷயத்தில் நான் இன்னும் ஒத்துப்போகவில்லை. எல்லா நேர்கால் சறுக்கலுக்கும் சிவப்பு என்றால் மழைக்காலத்தில் பதினொரு பேரோடு தொடங்கி எட்டுப் பேரோடுதான் முடிப்போம். பின்னாலிருந்து வந்தாலே சிவப்பு என்று 1998-இல் சொன்னார்களே, அது மாதிரி ஆகிவிடும்.

விசில்_வெலிங்டன்:

1998-இல் அப்படிச் சொல்லவில்லை தம்பி. பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரான்ஸ் உலகக் கோப்பையை ஒட்டி வந்த உத்தரவு, பின்னாலிருந்து வந்து எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கும் டேக்கிளுக்குத்தான் சிவப்பு என்றது. பின்னாலிருந்து வந்து பந்தைச் சுத்தமாக எடுக்கவும் முடியும். இப்போதைய விதி முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, பின்னாலிருந்து என்று மூன்று திசையையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு காலானாலும் இரண்டு காலானாலும் அளவு ஒன்றுதான்.

ஹாலந்தின் வான் பாஸ்டனை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது. 1993-இல் அவர் கடைசி ஆட்டத்தை ஆடியபோது வயது 28. கணுக்கால் காயம் ஆறவே இல்லை. 1995-இல் ஓய்வை அறிவித்தார். அப்படிப்பட்ட கால்களைக் காப்பாற்றத்தான் எங்கள் சட்டைப்பையில் அட்டை இருக்கிறது.

எட்டுப் பேரோடு முடியும் என்ற பயம் புரிகிறது. என் அனுபவத்தில் அது நடப்பது முதல் டேக்கிளை விட்டுவிட்ட ஆட்டங்களில்தான். முதல் பத்து நிமிடத்தில் ஒரு மோசமான சறுக்கலை வெறுமனே விட்டால், அடிபட்ட அணி பதிலுக்குப் பதில் என்று கிளம்பும். அதே இடத்தில் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி, எல்லோரும் பார்க்க மஞ்சளைக் காட்டினால் இருபத்திரண்டு பேரும் காலை மடித்துக்கொள்வார்கள்.

சாரல்_கோத்தகிரி:

இன்று காலை அந்த மைதானத்துக்குப் போயிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அங்கே யாரும் ஆடவில்லை, ஞாயிறன்றும் அதுதான் கடைசி ஆட்டம். செம்மண் பகுதியில் அந்தச் சறுக்கலின் தடம் இன்னும் இருக்கிறது. மழையில் ஓரங்கள் கரைந்திருந்தாலும் தெளிவாகத் தெரிகிறது. வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தைத் தொட்ட இடத்தைக் கோட்டிலிருந்து கணக்குப் பார்த்துக் குறித்தேன். கையோடு டேப் கொண்டுபோயிருந்தேன். மொத்தத் தடம் பதினொன்றரை அடி. பந்தைத் தொட்ட பிறகு மட்டும் ஐந்து அடிக்கு மேல் போயிருக்கிறது. தடத்தின் வலது பக்கம் உடம்பு உரசிய அகலமான பள்ளம். இடது பக்கத்தில், மடித்த முழங்கால் கீறியிருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமே இல்லை. டீச்சர் சொன்னதுதான். அந்தக் கால் தரையில் இல்லவே இல்லை.

எண் நான்கு தம்பி, உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதியதைப் பையனிடம் படித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அந்த அண்ணனுக்கும் முழங்காலில் சிராய்ப்பு இருந்ததே, ஆறிவிட்டதா?"

எண்4_பழைய_சட்டை:

ஆறிவிட்டது ஐயா. அவனைப் பார்க்க வரலாமா?

சாரல்_கோத்தகிரி:

வாருங்கள். சனிக்கிழமை மாலை எங்கள் பையன்களுக்குச் சறுக்கல் பயிற்சி தொடங்குகிறேன். டீச்சர் எழுதியதை அப்படியே சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பான். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

பந்தலூர்_உடற்கல்வி:

அண்ணா, முதல் நாள் பந்து வேண்டாம். எதிராளியும் வேண்டாம். புல் உள்ள பக்கம் மட்டும். நடந்து வந்து உட்காருகிற மாதிரி சறுக்கட்டும், பிறகு மெதுவான ஓட்டம். எல்லோருக்கும் ஷின்கார்டும் முழங்கால் வரை சாக்ஸும் கட்டாயம்.

எண்4_பழைய_சட்டை:

மூன்றரை மணி பஸ்ஸில் வந்துவிடுகிறேன் ஐயா. மழை பெய்தாலும் பயிற்சி உண்டா?

சாரல்_கோத்தகிரி:

மழை பெய்தால்தான் பயிற்சியே. பூட்ஸ் கொண்டு வாருங்கள்.